பிரிப்பதற்கென்றே தைத்த உடை

மாதம் தவறாமல் 25ஆம் தேதி, கியோத்தோவில் கிதானோ தென்மங்கு ஆலயத்தைச் சுற்றிச் சந்தை கூடும். ஊர்க்காரர்களுக்கு அது ‘தென்ஜின்-சான்’. பீங்கான், பழைய கடிகாரம், மரப்பெட்டி, பூச்செடி என்று கண் போன பக்கமெல்லாம் கடை இருந்தாலும், என் கால் போய் நிற்பது பழைய கிமோனோக்களைக் குவித்து விற்கும் இடத்தில்தான். போன நவம்பரில் அப்படி ஒரு குவியலின் அடியிலிருந்து ஊதா நிறத்தில் ஓர் ஓரம் எட்டிப் பார்த்தது. இழுத்தேன். உடம்பு முழுக்க அம்பின் இறகு வடிவம், வரிவரியாக. ஒவ்வோர் இறகின் ஓரமும் ஈரத்தில் மை கசிந்ததுபோல் லேசாகக் கலைந்திருந்தது. விரித்து உள்ளே பார்த்தால் சிவப்புப் பட்டில் உள்துணி. தொட்டால் பொடிப்பொடியாக உதிரும் நிலையில் இருந்தது. விலை 2,000 யென். “மெய்சென். உள்துணி போச்சு, அதான் இந்த விலை” என்றார் கடைக்காரர். மெய்சென் என்பது ஒரு வகைப் பட்டுத் துணி.

நான் நிஷிஜின் பகுதியில் குடியிருக்கிறேன். கிதானோவிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்துத் தெருவில் ஒரு முதிய ஆசிரியையிடம் வசாய், அதாவது ஜப்பானிய முறைத் தையல், கற்றுக்கொள்கிறேன். எண்பதை நெருங்குகிற வயது அவருக்கு. நாங்கள் அவரை ‘சென்செய்’ என்றே கூப்பிடுவோம். அடுத்த செவ்வாய் அந்தக் கிமோனோவை எடுத்துக்கொண்டு போனேன். மடியில் போட்டு, கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால் தையல்களைத் தடவிப் பார்த்தார். முதுகுத் தையலில் விரல் ஒரு நொடி நின்றது. அப்புறம் ஒரே வார்த்தை சொன்னார்: “பிரிச்சுடுங்க.”

எனக்கு மனசு கனத்துவிட்டது. இனி இது உதவாது, துண்டுத் துணியாக வைத்துக்கொள் என்கிறாரோ என்று நினைத்தேன். அவர் சொன்னதன் பொருள் நேர்மாறானது என்று புரிய இரண்டு மாதமானது.

கிமோனோவின் தையலைப் பிரிப்பது நான் பயந்ததுபோல் கஷ்டமான வேலை இல்லை. கைத்தையல், நேரான ஓட்டுத் தையல். முடிச்சைக் கண்டுபிடித்துச் சின்னக் கத்தரியால் வெட்டிவிட்டால், நூலை மெல்ல இழுக்க இழுக்க முழங்கணக்கில் திறந்துகொண்டே போகிறது. முதலில் சட்டைக்கை, பிறகு கழுத்துப்பட்டை, பிறகு உள்துணி, கடைசியாக உடலின் நீளத் தையல்கள். இரண்டு மாலைப்பொழுதில் முடிந்தது. தாத்தாமிப் பாய் விரித்த தரையில் எட்டுத் துண்டுகள் கிடந்தன. கை இரண்டு, உடல் இரண்டு, முன்பக்கத்தில் சேர்க்கும் ஒக்குமி என்ற பட்டைகள் இரண்டு, கழுத்துப்பட்டை ஒன்று, அதன் மேல் அழுக்குப் படாமல் இருக்கப் போடும் பட்டை ஒன்று. எட்டும் செவ்வகம். ஒரு வளைவுகூடக் கிடையாது.

உடல் துண்டு ஒவ்வொன்றும் முன்பக்கக் கீழ் ஓரத்தில் தொடங்கி, தோளைத் தாண்டி, பின்பக்கக் கீழ் ஓரம் வரை போகிறது. தோளில் தையலே இல்லை. துணிக்கு நடுவே கத்தரி நுழைந்தது ஒரே இடத்தில்: கழுத்துக்காக, ஒவ்வோர் உடல் துண்டிலும் சுமார் 9 செ.மீ. நீளத்துக்கு ஒரு கீறல். கழுத்தின் வளைவு, இடுப்பின் ஒடுக்கம், ஆளின் பருமன் எல்லாவற்றுக்கும் துணியை உள்ளே மடித்துத்தான் தைத்திருக்கிறார்கள், வெட்டி எறியவில்லை.

இதற்கெல்லாம் அடிப்படை ‘தான்’ என்ற அளவு. கிமோனோத் துணி அந்தக் கணக்கில்தான் நெய்யப்படுகிறது: அகலம் 36 முதல் 38 செ.மீ., நீளம் சுமார் 12 மீட்டர். ஒரு தான் துணியில் பெரியவர் ஒருவருக்கு ஒரு கிமோனோ. சென்செய் இன்றும் மூங்கில் அளவுகோலில் ‘குஜிரா ஷாக்கு’ கணக்கில்தான் அளப்பார். ஒரு ஷாக்கு ஏறக்குறைய 37.9 செ.மீ. முதல் மாதம் அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு திணறினேன். இப்போது செண்டிமீட்டரில் அளந்தால்தான் அன்னியமாக இருக்கிறது.

துண்டுகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் சுவாரசியமானது. பெண்களின் கிமோனோவில் இடுப்பு உயரத்தில், ஓபி என்ற இடுப்புப் பட்டையைக் கட்டினால் மறையும் இடத்தில், கொஞ்சம் துணியை உட்புறமாக மடித்துத் தைத்து வைப்பார்கள். ‘உச்சியாகே’ என்று பெயர். பிற்பாடு உயரமானவர் உடுத்த வேண்டியிருந்தாலும், கீழ் ஓரம் தேய்ந்து வெட்ட வேண்டியிருந்தாலும் உதவும் என்ற ஏற்பாடு. அந்த மடிப்பைத் திறந்தால் உள்ளே வேறு நிறம்! நான் ஊதா என்று வாங்கி வந்த துணி ஒரு காலத்தில் நாவல்பழத் தோல் நிறத்தில் இருந்திருக்கிறது. வெயில் காணாத அந்த நாலு விரல் அகலத்தில் மட்டும் அது அப்படியே இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. வெயில் படவே வழியில்லாத உட்புறத்தில், தோள் பக்கம் வெளுத்திருந்தது. பெரும்பாலான தையல் ஊதாப் பட்டு நூலில். முதுகுத் தையல் மட்டும் வெள்ளைப் பருத்தி நூலில். வலது முன்பக்க ஒக்குமியில் முழங்கால் உயரத்தில் ஓர் ஒட்டு. இறகின் வரி பிசகாமல், பக்கத்துக் கோட்டோடு பொருத்தி, மிச்சத் துணியால் தைத்த ஒட்டு. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

சென்செய் இதையெல்லாம் வரிசையாக வைத்துப் படித்தார். கிமோனோவில் இடது பக்கம் மேலே, வலது பக்கம் அடியில் வரும். 719இல் பேரரசி கென்ஷோவின் ஆட்சியில் எல்லாரும் இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று ஆணை போட்டார்கள். 1,300 ஆண்டு கடந்தும் மாறவில்லை. மாற்றி உடுத்துவது இறந்தவர்களுக்கு மட்டும். மண்டியிட்டு உட்கார்ந்து எழும்போது தேய்வது மேலே இருக்கும் இடது முன்பக்கம். ஒட்டு இருப்பதோ வலது பக்கத்தில். “துணியைத் திருப்பியிருக்காங்க” என்றார் சென்செய். முன்பு உடுத்தியவர் மொத்தத்தையும் பிரித்து, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பித் தைத்திருக்கிறார். திருப்பும்போது இடது வலதாகிவிடும். வெளுத்த முகம் உள்ளே போய்விட்டது. கிழிந்த முழங்கால் அடியில் மறைந்துவிட்டது. எனக்கு முன்பே இதை ஒருவர் என்னைப் போலவே தரையில் எட்டுத் துண்டாகப் பரப்பி வைத்துப் பார்த்திருக்கிறார். அவர் கை எப்படி இருந்திருக்கும் என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாத் துணியையும் இப்படித் திருப்ப முடியாது. மெய்சென்னில் முடியும். அதற்குக் காரணம் அது நெய்யப்படும் விதம். பாவு என்ற நீளவாட்டு நூலை நீட்டி, பெயருக்கு ஊடை என்ற குறுக்கு நூலைக் கோத்துத் தளர்வாக முதலில் நெய்துகொள்வார்கள். அதன் மேல் அச்சுத்தாள் வைத்துச் சாயம் பூசி, ஆவியில் வேகவைத்து நிறத்தை நிலைக்கச் செய்வார்கள். பிறகு தறியில் ஏற்றி, அந்தத் தற்காலிக ஊடையை உருவி எடுத்துக்கொண்டே நிஜ ஊடையைக் கோத்து நெய்வார்கள். உருவும்போது பாவு நூல்கள் மயிரிழை அளவு நகர்ந்துவிடும். அந்தக் கசிந்த ஓரம் அப்படி வருவதுதான். நூலிலேயே சாயம் ஏறிவிடுவதால் முன்னும் பின்னும் ஒரே உருவம், ஒரே நிறம். இந்த முறைக்குப் பெயர் ‘ஹொகுஷி’. பிரித்தெடுத்தல் என்று பொருள்.

மெய்சென்னுக்குப் பிறப்பிடம் தோக்கியோவுக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள பட்டுப்புழு வளர்க்கும் ஊர்கள்: இசேசாக்கி, சிச்சிபு, அஷிகாகா, ஹச்சியோஜி. விற்க உதவாத கூடுகளிலிருந்து இழுத்த முரட்டுப் பட்டில் விவசாயக் குடும்பத்துப் பெண்கள் தங்களுக்காக நெய்துகொண்டது அது. தைஷோ காலத்திலும் (1912–1926) அடுத்து வந்த ஷோவா காலத்தின் தொடக்கத்திலும் அது நாடு முழுக்கப் பரவியது. பெரிய ரோஜா, கட்டம், மின்னல், கொடி என்று கூச்சமே இல்லாத உருவங்கள். வேலைக்குப் போகும் பெண், பள்ளி மாணவி, கடைத்தெருவுக்குப் போகும் குடும்பத்தலைவி எல்லாரும் உடுத்திய பட்டு அது. 1925இல் கோன் வாஜிரோ என்ற ஆய்வாளர் தோக்கியோவின் கின்சாவில் நின்று, வருவோர் போவோரின் உடையை எண்ணிக் கணக்கெடுத்தார். ஆண்களில் 67 சதவீதம் மேற்கத்திய உடை. பெண்களில் 99 சதவீதம் ஜப்பானிய உடை. என் 2,000 யென் கிமோனோ அந்தத் தெருக்கூட்டத்தின் வாரிசு என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, இந்தச் செவ்வகங்களில் கலை எங்கே இருக்கிறது? தைக்கும் வடிவம் பெரிதாக மாறாமல் இருந்ததால்தான் கலை முழுக்கத் துணியின் மேல் இறங்கியது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைய கிமோனோவின் மூதாதை கொசொதே. மணிக்கட்டுத் திறப்பு சின்னதாக இருப்பதால் ‘சிறிய கை’ என்று பெயர். ஹெய்யான் காலத்து (794–1185) அரண்மனையில் அடுக்கடுக்கான ஆடைகளுக்கு அடியில் கிடந்த உள்ளாடை அது. முரோமாச்சி காலத்தில் (14–16ஆம் நூற்றாண்டு) மேலாடையாக வெளியே வந்தது. எதோ காலத்தில் (1603–1868) வியாபாரிகள் கையில் பணம் சேர, வெட்டும் தையலும் அப்படியே இருக்க, துணியில் போட்டி தொடங்கியது.

அரசுக்கு அது பிடிக்கவில்லை. 1683இல் ஷோகுன் என்ற படைத்தலைவரின் ஆட்சி பெண்களின் உடையில் பொன்னிழைத் துணியையும் பூத்தையலையும் முழுக்கப் புள்ளிக்கட்டுச் சாயமிட்ட துணியையும் தடை செய்தது. அந்தப் புள்ளிக்கட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒவ்வொன்றாக நூலால் கட்டி, சாயத்தில் முக்கி, பிறகு ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். இந்த மூன்றும் போய்விட்டால் செல்வர்கள் என்ன உடுத்துவது? அந்தச் சமயத்தில்தான் கியோத்தோவில் விசிறிக்குச் சித்திரம் தீட்டிவந்த மியாசாகி யூசென்சாயின் பாணி துணிக்கு வந்தது. இன்று ‘யூசென்’ என்றால் அந்தச் சாய முறைக்கே பெயர்.

யூசென் செய்வதை ஒரு பட்டறையில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வெண்பட்டை முதலில் கிமோனோ அளவுக்கு வெட்டி, தளர்வாகத் தைத்து, முழு உடையாக மாட்டுகிறார்கள். அதன் மேல் ‘ஆவோபானா’ என்ற நீலப் பூவின் சாற்றில் சித்திரம் வரைகிறார்கள். முதுகில் புறப்பட்ட கிளை தையலைத் தாண்டிக் கையில் போய்ப் பூக்க வேண்டும் என்றால் உடையாக வைத்துத்தானே வரைய முடியும்? வரைந்து முடித்ததும் அதைப் பிரிக்கிறார்கள்! மறுபடி நீளத் துணி. நீலக் கோட்டின் மேல் அரிசிமாவுப் பசையைக் கூம்பிலிருந்து நூல்போல் பிழிந்துகொண்டே போகிறார்கள். அந்தப் பசைக்கோடு ஒரு வரப்பு, சாயம் தாண்டாது. உள்ளே தூரிகையால் நிறம் தீட்டி, ஆவியில் வைத்து, பூக்களை முழுக்கப் பசையால் மூடி, பின்னணிக்குச் சாயம் இழுத்து, மறுபடி ஆவியில் வைத்து, கடைசியில் தண்ணீரில் அலசுகிறார்கள். பசை போய்விடுகிறது, அது இருந்த இடம் மட்டும் வெள்ளை இழையாக நிற்கிறது. பூச்சாறு தண்ணீர் பட்டதும் தடமே இல்லாமல் மறைந்துவிடுகிறது.

இந்த அலசுதல் முன்பு கியோத்தோவின் காமோ ஆற்றிலேயே நடந்தது. நீர் மாசைத் தடுக்கும் சட்டங்கள் வந்த பிறகு பட்டறைத் தொட்டிகளுக்குப் போய்விட்டது. கானாசாவாவின் காகா யூசென்னில் பூச்சி அரித்த இலையைக்கூட அப்படியே வரைவார்கள். கியோத்தோக்காரர்கள் பொன்னும் பூத்தையலும் சேர்ப்பார்கள். எனக்கு அந்தப் பூச்சி அரித்த இலைதான் பிடிக்கும்.

இன்றைய தோக்கியோவான எதோ நகரத்தின் ரசனையோ வேறு திசையில் போனது. ‘தேநீர்ப் பழுப்பு 48, சாம்பல் 100’ என்று ஒரு சொலவடையே உண்டு. அடக்கமான நிறங்களுக்குள் அத்தனை வகை. எதோ கொமொன் என்ற துணி தூரத்தில் ஒற்றை நிறமாகத் தெரியும். கிட்டே போனால் ஊசிமுனைப் புள்ளிகள். அதற்கான அச்சுத்தாளை இசே பகுதியில், இன்றைய சுசுகா நகரத்தின் ஷிரோகோவில், துவர்ப்பான பெர்சிமன் பழச்சாறு ஊட்டிய தாளில் கையால் வெட்டினார்கள், இன்றும் வெட்டுகிறார்கள். 1673இல் எச்சிகோயா என்ற துணிக்கடை எதோவில் திறந்தது. ரொக்கம், ஒரே விலை, பேரமில்லை, வேண்டிய அளவுக்கு வெட்டித் தருவோம் என்று அறிவித்தது. இன்றைய மித்சுகோஷி பல்பொருள் அங்காடி அதன் வழிவந்ததுதான்.

நான் இருக்கும் நிஷிஜின்னைப் பற்றி ஒரு பாராவாவது சொல்லாமல் போக முடியாது. 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் போரில் மேற்குப் படை முகாமிட்ட இடம் இது. பெயரின் பொருளும் அதுவே, ‘மேற்கு முகாம்’. போர் முடிந்து ஊர் திரும்பிய நெசவாளர்கள் இங்கே தறி போட்டார்கள். 1869இல் தலைநகரம் தோக்கியோவுக்குப் போனதும் தறிகள் ஓய்ந்தன. 1872இல் மூன்று பேரைப் பிரான்சின் லியோன் நகரத்துக்கு, சிக்கலான உருவங்களை நெய்யும் ஜக்கார்டு தறி கற்றுவர அனுப்பினார்கள். இரண்டு பேர் தறியோடு திரும்பினார்கள். மூன்றாமவர் யோஷிதா சூஷிச்சி 1874இல் ஊர் திரும்பும் வழியில், ஜப்பானின் இசு கடற்கரைக்கு அருகே கப்பல் மூழ்கி இறந்துபோனார். என் தெருவில் இன்னும் ஒரு வீட்டிலிருந்து காலையில் தறிச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

என் கிமோனோவுக்கு வருகிறேன். பிரித்த துண்டுகளை என்ன செய்வது? ஓரத்தோடு ஓரம் சேர்த்து, பெரிய பெரிய தையலாக வரிசையாக இணைக்க வேண்டும். இணைத்தால் மறுபடியும் ஒரே நீளத் துணி. தறியிலிருந்து இறங்கிய அன்று எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படி! சென்செய் வீட்டுப் பின்கட்டில் அதைச் சுருட்டி வைத்தபோது, யாரோ உடுத்தி, உட்கார்ந்து, எழுந்து, அழுக்காக்கித் திருப்பித் தைத்த துணி என்று சொன்னால் நம்ப முடியாது. ‘அராய்-ஹரி’ என்பது இதுதான்: பிரித்துத் துவைத்து விறைக்க வைத்தல். குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்பு, பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்ப்பு. தண்ணீர் முதலில் காப்பி நிறத்தில் வந்தது. பிறகு ‘ஃபுநோரி’ என்ற கடற்பாசியைக் காய்ச்சிய கஞ்சி. இரண்டு முனையையும் கம்புகளில் கட்டி இழுத்து, ‘ஷின்ஷி’ என்ற மெல்லிய மூங்கில் குச்சிகளை அகலவாட்டில் வில்லாக வளைத்து மாட்ட வேண்டும். குச்சியின் இரண்டு முனையிலும் ஊசி இருக்கும். சில விரல் இடைவெளிக்கு ஒரு குச்சி, நூற்றுக்கணக்கில். விரலெல்லாம் குத்துப்பட்டது. மாட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால், காற்றில் ஓர் ஊதாப் பாலம்.

சிவப்பு உள்துணியைத் தனியாகத்தான் வைத்தேன். தண்ணீர் பட்டால் சாயம் விடும். ‘மொமி’ என்று பெயர். மஞ்சளில் முதலில் முக்கி, அதன் மேல் குசும்பாப் பூச் சாயத்தில் பிசைந்து பிசைந்து நிறமேற்றியதால் வந்த பெயர் அது. பிற்காலத்தில் ரசாயனச் சாயத்திலும் செய்தார்கள். உடம்போடு ஒட்டியிருக்கும் சிவப்பு சூடு தரும், பெண்களைக் காக்கும் என்ற நம்பிக்கை. சந்தையில் ஒருமுறை கைக்குழந்தைக் கிமோனோ ஒன்றைப் பார்த்தேன். குழந்தையின் முதுகு ஒரு துணி அகலத்துக்குள் அடங்கிவிடும், அதனால் முதுகில் தையல் வராது. தையலின் கண்கள்தான் பின்னால் வரும் கெட்டதைப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். கண் இல்லாத அந்த முதுகுக்காகத் தாய் வண்ண நூலில் ஒரு சின்னக் காப்புத் தையல் போடுவாள். ‘செமமொரி’, முதுகுக் காவல். அந்தக் குட்டி உடையில் பச்சையும் சிவப்புமாக அது இருந்தது. என்னால் நெடுநேரம் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

கிமோனோவின் ஆயுள் இப்படித்தான் நீண்டது. வெளுத்தால் அடர் நிறத்தில் மறுசாயம், அப்புறம் மேலங்கி, அப்புறம் பிள்ளைகளுக்கு, அப்புறம் மெத்தை உறை, செருப்பு வார், தூசி துணி. எதோ நகரத்தில் அடுப்புச் சாம்பலைக்கூட விலைக்கு வாங்குவோர் தெருத்தெருவாக வந்தார்கள். அந்தச் சாம்பல் நீர் அவுரித் தொட்டிக்கும் போனது. 1940 ஜூலை 7இல் ஆடம்பரப் பொருள்களைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் தடை வந்தது. பெண்கள் கிமோனோவைப் பிரித்து மொம்பே என்ற காற்சட்டை தைத்துக்கொண்டார்கள். போருக்குப் பிறகு நகரத்துப் பெண்கள் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போய்க் கிராமத்தில் அரிசிக்கு மாற்றினார்கள். ‘மூங்கில்குருத்து வாழ்க்கை’ என்றார்கள் அதை. தோல் தோலாக உரிந்து போவதால்.

ஜனவரியில் தைக்கத் தொடங்கினேன். என் உயரத்துக்காக இடுப்பு மடிப்பை விடுவித்தோம். நாவல்பழ நிறம் வெளியே வந்தாலும் ஓபிக்கு அடியில் மறைந்துவிடும். கை நீளத்துக்காகத் தோளோரத்திலும் உள்மடிப்பை விட்டபோதுதான் சிக்கல்: விரல் அகலத்துக்கு அடர்நிறக் கோடு ஒன்று வெளியே தெரிந்தது. சாயம் தொட்டுச் சரிசெய்யலாம் என்றார் சென்செய். வேண்டாம் என்றேன். ஒட்டுப்போட்ட ஒக்குமியும் அதே வலது பக்கத்தில் அதே ஒட்டோடு இருக்கிறது.

முதல் கையை வீட்டில் தைத்து எடுத்துக்கொண்டு போனேன். எறும்பு வரிசை மாதிரி நெருக்கமான தையல். மூன்று இரவு உழைப்பு. சென்செய் விரலால் தடவினார். கத்தரியை எடுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிச்சை வெட்டினார். நூல் வரவில்லை. ஒவ்வொரு தையலாக வெட்டி வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் துணியில் இழையே அறுந்தது. “இழுத்தா தையல்தான் முதல்ல அறணும், துணி அறக்கூடாது. அடுத்து பிரிக்கிறவங்க என்ன செய்வாங்க?” என்றார். குரலில் கோபம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தானே ஒரு சாண் தைத்துக் காட்டினார். என்னுடையதைவிட இடைவெளி அதிகம், நூல் தளர்வு, கோடு மட்டும் நூல் பிடித்தாற்போல் நேர். அந்த ஒரு சாணைப் பிரிக்காமல் அதிலிருந்தே தொடர்ந்து தைத்தேன்.

போன வாரம் முடிந்தது. இப்போது ஜன்னலோரம் மூங்கிலில் தொங்குகிறது. வரும் 25ஆம் தேதி அதை உடுத்திக்கொண்டு தென்ஜின்-சானுக்குப் போகிறேன். அந்தக் கடைக்காரருக்கு அடையாளம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.